சுண்டுவிரல் பக்கத்து முண்டு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மைதானத்தில் ஓடும்போது கால் உள்பக்கமாக மடங்கி, பாதத்தின் வெளி ஓரம் வீங்கியிருக்கிறது என்று உன் அம்மா போனில் சொன்னாள். நாளைக்குச் சுளுக்கு வழிக்கப் போகிறாயாமே? போகாதே.

சுண்டுவிரலில் தொடங்கி, பாதத்தின் வெளி ஓரமாகவே குதிகாலை நோக்கித் தடவிக்கொண்டு வா. பாதி வழியில் ஒரு முண்டு தட்டுப்படும். அதை அழுத்தினால் உயிர் போகிறதா? விழுந்தபோதும் சரி, இப்போதும் சரி, நாலு அடி ஊன்றி நடக்க முடியவில்லையா? இரண்டில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே எடுத்தே ஆகவேண்டும். எண்ணெய் போட்டு உருவினால் உடைந்த எலும்பு விலகும்.

கெண்டைக்காலின் வெளிப்பக்கமிருந்து இறங்கும் ஒரு தசைநாண் அந்த முண்டில்தான் பிடித்திருக்கிறது. பாதம் மடங்கும்போது அந்த இழுப்பில் எலும்பின் நுனி பெயர்ந்துவிடும். அது அவ்வளவு மோசமில்லை. கெட்டியான அடியுள்ள பூட்ஸோடு நடமாடினாலே பெரும்பாலும் கூடிவிடும். முண்டுக்குச் சற்று முன்னால், விரல் பக்கமாக முறிந்திருந்தால்தான் வம்பு. அங்கே ரத்த ஓட்டம் குறைவு. எலும்பு கூடாமலே நின்றுவிடுவதும் உண்டு. 6 முதல் 8 வாரம் கால் ஊன்றக் கூடாது என்பார்கள். ஓட்டக்காரர்களுக்கு ஸ்க்ரூ வைத்து இறுக்குவதும் வழக்கம். இதற்கு ஜோன்ஸ் முறிவு என்று பெயர். ராபர்ட் ஜோன்ஸ் என்ற லிவர்பூல் எலும்பு மருத்துவர் நடனமாடும்போது தன் காலையே இப்படி உடைத்துக்கொண்டு, 1902-இல் அதைக் கட்டுரையாக எழுதினார். எலும்பு டாக்டருக்கே அந்தக் கதி, நீ கூச்சப்பட ஒன்றுமில்லை.

இன்னொன்று: விழுவதற்கு முன்பே, ஓடும்போதெல்லாம் அந்த இடம் வலித்ததா? மறைக்காமல் டாக்டரிடம் சொல். ஓடி ஓடி விழும் மயிரிழை விரிசல் முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம். உன் ஓட்டத் தேர்வு நெருங்குகிறது என்று அதன்மேல் ஓடினால், விரிசல் முழு முறிவாகிவிடும்.

எலும்பு நன்றாக இருந்து தசைநாண் மட்டும் நொந்திருந்தால், முதல் இரண்டு மூன்று நாள் துணியில் சுற்றிய ஐஸ், ஒவ்வொரு தடவையும் கால் மணி நேரம். கிரேப் பேண்டேஜ் கட்டி, காலைத் தலையணைமேல் தூக்கி வை. வலி தணிந்ததும் ஒற்றைக்காலில் நின்று பழகு, பிறகு குதிகாலை உயர்த்தி இறக்கு. நடையில் வலி இல்லாமல் ஓட்டத்துக்குப் போகாதே. தேர்வில் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடவேண்டிய கால் அது.

வெளி ஓரம் தேய்ந்த அந்தப் பழைய ஷூவைத் தூக்கிப் போடு. புதுசுக்குப் பணம் அனுப்புகிறேன். எக்ஸ்ரேயை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு.

அன்புடன்,
மாமா