ஜிப்ஸியரின் வீட்டுவண்டியும் அதன் வண்ணவேலையும்

இங்கிலாந்தின் நாட்டுப்புறச் சாலைகளிலே, 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி ஏறத்தாழ நூறாண்டுகாலம், குதிரை பூட்டிய சிறு வீடுகள் ஊர்ந்து திரிந்தன. கதவும் பலகணியும், இரும்படுப்பும் புகைபோக்கியும், பின்புறத்தே குறுக்காக அமைந்த கட்டிலும் கொண்ட அவ்வண்டியை அதன் உடையோர் 'வார்டோ' என்றனர். அவ்வுடையோரை ஆங்கிலேயர் 'ஜிப்ஸி'யர் என அழைத்தனர். எகிப்து தேசத்தினின்றும் வந்தவரெனப் பிழைபடக் கருதியதனால் எழுந்த பெயர் அது. உண்மையில் அவர்தம் முன்னோர் இந்தியாவின் வடபகுதியினின்றும் பெயர்ந்தோராவர். அவர் மொழியே அதற்குச் சான்று: நீரைப் 'பானி' என்பர், மூக்கை 'நாக்' என்பர். இந்துஸ்தானி பயின்ற நம் மாணவர் இவற்றிற்குப் பொருள் கேட்கவேண்டுவதில்லை.

இங்கிலாந்து அவர்க்கு நல்வரவு கூறவில்லை. எட்டாம் ஹென்றியின் காலத்து 1530-ஆம் ஆண்டுச் சட்டம் அவரை நாட்டைவிட்டு நீங்கப் பணித்தது. மேரி அரசியின் காலத்து 1554-ஆம் ஆண்டுச் சட்டம் நீங்காதார்க்கு மரண தண்டனை விதிக்கவும் இடந்தந்தது. இருந்தும் அவர் எஞ்சினர். நெடுங்காலம் வளைகொம்புக் கூடாரங்களிலே வாழ்ந்தபின்னரே வீட்டுவண்டி வந்தது.

இவ்வண்டிகளைச் செய்தோர் பெரும்பாலும் ஜிப்ஸியர் அல்லர், வண்டித் தச்சரே. ரெடிங் நகரத்து டண்டன் பட்டறை இத்தொழிலிற் பெயர்பெற்றது. அந்நகரின் பெயரே, உயர்ந்த சக்கரங்களும் மேல்நோக்கி விரியும் சுவர்களும் உடைய ஒருவகை வண்டிக்கு வழங்கலாயிற்று. லீட்ஸ் நகரின் அருகே தொழில் நடத்திய பில் ரைட் என்பார் வில்வடிவக் கூரைவண்டிகளாற் புகழெய்தினார்.

வண்டியின் முதல் அலங்காரம் உளியினின்றும் பிறந்தது. சட்டக் கட்டைகளின் விளிம்பை, பொருத்துவாய்களை விடுத்து, இடைப்பட்ட பாகத்தில் மட்டும் சாய்வாகச் செதுக்குவது பண்ணைவண்டித் தச்சரின் பழைய வழக்கம். பொருத்தில் வலிமை வேண்டும். இடையில் அவ்வளவு வேண்டா. குறைந்த எடையால் குதிரைக்கு இலாபம். அச்செதுக்கின்மேல் வேறொரு நிறத்தைத் தீட்டியபோது, குதிரைக்கு இரங்கிச் செய்த வேலையே கண்ணுக்கு அணியாயிற்று. கலை பயில்வோர் இவ்விடத்தே சற்று நின்று நோக்குவாராக.

உடற்பாகத்துக்குக் கருஞ்சிவப்பும் கரும்பச்சையும், சக்கரத்துக்கும் அடிச்சட்டத்துக்கும் வைக்கோல் மஞ்சளோ சிவப்போ மிகுதியாக வழங்கின. முகப்பிலே திராட்சைக்கொத்து, சுருள்கொடி, குதிரைத்தலை, சிங்கம் முதலியன செதுக்கித் தீட்டப்பெற்றன. ரோஜாவும் கோட்டையும் கால்வாய்ப் படகினர் மரபு. அவற்றை இவ்வண்டியின்மேல் ஏற்றிவைப்பார் இந்நாளில் உளர். யாம் அதனை விரும்புகிலோம்.

இனி, தீட்டும் முறையைக் கூறுவாம். புதுப்பலகையாயின், கணுக்களினின்றும் பிசின் கசியாவண்ணம் முதலில் அவற்றின்மேல் அரக்குச்சாயம் தடவவேண்டும். பின்னர் அடிப்பூச்சு, அது காய்ந்ததும் தேய்த்து, இடைப்பூச்சு இரண்டொரு முறை, அதன்மேல் நிறப்பூச்சு. ஒவ்வொரு பூச்சுக்கும் இடையே தேய்த்தல் இன்றியமையாதது. அவசரக்காரன் வேலை ஒரு மாரிக்காலத்திற்குள் உரிந்துவிடும். சித்திரத்தைத் தாளில் வரைந்து, கோடுகளின்மேல் ஊசியால் துளையிட்டு, தாளைப் பலகையில் ஒற்றிச் சுண்ணப்பொடி முடிச்சால் தட்டினால், புள்ளிகளாக உருவம் இறங்கும். சக்கர ஆரங்களின்மேல் ஓடும் மெல்லிய கோட்டுக்கோ அச்சும் இல்லை, அளவுகோலும் இல்லை. நீண்ட மயிருடைய தூரிகையும் நடுங்காத கையுமே துணை.

பொன்வேலையே இவற்றுள் அரிது. பொன் பதியவேண்டிய இடத்தில் மட்டும் எண்ணெய்ப்பசை தடவி, சில மணிநேரம் பொறுத்திருப்பர். பசை ஈரமாயிருப்பின் பொன் மூழ்கி ஒளி மங்கும், உலர்ந்துவிடின் ஒட்டாது. விரற்கணுவால் தொட்டெடுக்க, பசை கையில் ஒட்டாமல் மெல்லக் கீச்சென்னுமாயின் அதுவே பதம். 25 தகடுகள் கொண்ட ஏடாக விற்கப்படும் பொற்றகடு மூச்சுக்காற்றிலும் பறக்கும். ஆதலின் வெளியிலே வேலைசெய்வோர் தாளோடு ஒட்டிய தகட்டையே கொள்வர். பொன்னுக்கு மாற்றாகப் பித்தளைப்பொடி பூசினோர் சிலர்; அது நாளடைவிற் கறுக்கும். பொன்னோ மழையிலும் வெயிலிலும் நிறம் மாறாது. மிகுந்த பொன் உடையோரின் செல்வநிலையைச் சந்தையிற் கூடிய சுற்றத்தார்க்கு அறிவித்தது.

இத்துணைப் பொருளும் உழைப்பும் பெற்ற வண்டி, உடையவர் இறந்தபின் பல குடும்பங்களில் தீக்கிரையாக்கப்பட்டது. அவர் உடையும் உடன் எரிக்கப்பட்டது, உண்கலமும் உடைக்கப்பட்டது. இறந்தாரின் உடைமையை விற்று உண்ணல் தகாதென்பது அவர் கொள்கை. வெளியார் இதனை வீண்செலவு என்று இகழ்ந்ததுண்டு. ஆயினும் அவர்க்கு வண்டி என்பது வாழ்ந்தவரின் ஒரு பாகம். பொருட்காட்சிசாலைக்கென அதனை எவரும் தீட்டினாரில்லை. ஆகவே பழைய வண்டிகள் இன்று மிகச் சிலவே எஞ்சியுள்ளன. 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் பொதுவெளிகள் பலவற்றில் வண்டி நிறுத்தவும் இடமில்லாதாயிற்று. குதிரைவண்டியின் இடத்தை மோட்டாரால் இழுக்கும் வண்டி பிடித்துக்கொண்டது. ஜூன் மாதத்திலே ஆப்பிள்பி என்னும் ஊரில் நடைபெறும் குதிரைச்சந்தைக்குப் பழவகை வண்டியைப் பூட்டிவரும் குடும்பங்கள் இன்றும் உள.

எஞ்சியவற்றைப் புதுப்பிப்போர்க்கு ஓர் எச்சரிக்கை. பழம்பூச்சுகளில் ஈயம் கலந்திருத்தல் பெரும்பான்மை. அதனை உலரத் தேய்த்தாலும் தீயாற் கருக்கினாலும் நஞ்சாகும். நீர் தெளித்தே தேய்க்கவேண்டும். முழுவதையும் சுரண்டிவிடாமல், கூரைவிளிம்பின் கீழ் மழைபடாத ஓரிடத்தில் ஓர் அங்குல அகலத்தைப் படிப்படியாகத் தேய்த்துப் பார்த்தால், பச்சையின்கீழ் மஞ்சளும் மஞ்சளின்கீழ் கருஞ்சிவப்பும் மரத்தின் வளையம்போல் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றும். அடியிலுள்ளதே முதல் நிறம். அதற்குத் திரும்புவதா, கடைசியாக அதில் வாழ்ந்த குடும்பம் தெரிந்தெடுத்த நிறத்தை நிறுத்துவதா என்பதில் வல்லுநரும் மாறுபடுவர். யாம் பின்னதையே கொள்வோம்.