காய்ச்சாத பாலில் செய்த சீஸ்: யார் தவிர்க்க வேண்டும்?

"கடையில் வாங்கிய சீஸ்தானே, குளிர்பெட்டியில்தானே இருந்தது, அதில் என்ன கெடுதல்?" என்று நோயாளிகளின் உறவினர்கள் எங்களிடம் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான்.

சீஸ் எனப்படும் பாலாடைக்கட்டியின் சில வகைகள் காய்ச்சாத பாலிலிருந்து தயாரிக்கப்படுகின்றன. கறந்த பாலில் சால்மோனெல்லா, ஈ.கோலை, புருசெல்லா, லிஸ்டீரியா ஆகிய கிருமிகள் இருக்கக்கூடும். பாலை 72 டிகிரி செல்சியஸில் 15 விநாடிகள் சூடாக்கும் பாஸ்டர் முறை இவற்றை அழிக்கிறது. அது விடுபட்டால் கிருமிகள் பாலோடு சேர்ந்து சீஸிலும் தங்கிவிடலாம். நிறமோ மணமோ சுவையோ அவற்றைக் காட்டிக்கொடுப்பதில்லை.

இவற்றுள் லிஸ்டீரியா குளிர்பெட்டியிலும் மெல்லப் பெருகும். ஈரப்பதம் மிகுந்த மென்மையான சீஸ் அதற்கு ஏற்ற இடம். நீண்ட நாள் முதிரவைத்த கெட்டியான வகைகளில் ஆபத்து குறைவு. எனினும் அறவே இல்லை என்று கூற இயலாது.

1985ஆம் ஆண்டு அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டத்தில் மெக்சிகோ வகை மென்சீஸ் வழியாக இந்நோய் பரவியது. பதிவான 142 நேர்வுகளில் 93 கர்ப்பிணிகளையும் அவர்தம் சிசுக்களையும் சார்ந்தவை. கருவிலிருந்த சிசுக்கள் உட்பட 48 உயிர்கள் பறிபோயின. பாஸ்டர் முறைக்கு உட்படாத பால் கலந்ததே காரணமாகக் கருதப்பட்டது. தாய்க்கு எளிய காய்ச்சலாகத் தோன்றும் இந்நோய், கருச்சிதைவுக்கோ குறைப்பிரசவத்துக்கோ வழிவகுக்கலாம்.

ஆகவே கர்ப்பிணிகள், முதியோர், புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோர், உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டோர், நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்துகளை உட்கொள்வோர் ஆகியோர் இத்தகைய சீஸை முற்றிலும் தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

பராமரிப்போர் கவனத்திற்குச் சில குறிப்புகள்:

• உறையில் 'பாஸ்டரைஸ்டு' பாலில் செய்தது என்ற குறிப்பு உள்ளதா எனப் பாருங்கள். குறிப்பு இல்லையெனில் நோயாளிக்குக் கொடுக்க வேண்டாம்.

• நன்கு கொதித்த பாலைத் திரித்து, சுத்தமான பாத்திரத்தில் வீட்டில் செய்யும் பன்னீரைச் சமைத்து, அன்றே உண்ணலாம்.

• ஏற்கெனவே உண்டுவிட்டால் அஞ்ச வேண்டாம். ஆனால் காய்ச்சல், உடல்வலி, கழுத்து விறைப்பு, குழப்பம் ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள். லிஸ்டீரியாவின் அறிகுறிகள் பல வாரங்கள் கழித்தும் வெளிப்படக்கூடும். எனவே எப்போது, என்ன உண்டீர்கள் என்பதைத் தயங்காமல் மருத்துவரிடம் கூறுங்கள். நோயை விரைந்து கண்டறிய அந்தத் தகவல் எங்களுக்குப் பெரிதும் உதவும்.