சுகர் குடலையும் விடாது: எலி காட்டும் பாடம்

வீட்டுல யாருக்காவது சுகர் இருக்கா? கண், கிட்னி, கால் எல்லாம் பார்ப்பீங்க. வயிறு? மலச்சிக்கல், அடிக்கடி பேதி என்றால் ஓமத்தண்ணியோடு விட்டுவிடுகிறோம்.

ஆய்வகத்தில் எலிக்கு ஸ்ட்ரெப்டோசோடோசின் ஊசி போடுவார்கள். மண்ணில் வாழும் பாக்டீரியா தரும் மருந்து இது. சர்க்கரை நோயை உண்டாக்கும் என்று 1963-ல் தெரியவந்தது. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடும். எலி பசி தாங்காமல் தின்னும். உடம்பு இளைக்கும், சிறுகுடல் மட்டும் எடை கூடும் (ஆச்சரியம்தான்!), குளுக்கோஸையும் கூடுதலாக உறிஞ்சும். இரைப்பை முடியும் இடத்தில் தசையைத் தளர்த்தும் நரம்புகளும் பழுதாகும். சீக்கிரமே இன்சுலின் கொடுத்தபோது அவை மீண்டன. தாமதித்தபோது நரம்பு செல்களே செத்தன.

எலிக்கு நடப்பது அப்படியே நமக்கு நடக்கும் என்று சொல்ல முடியாது. ஆனாலும், 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளர் அடுத்தமுறை வரும்போது வயித்துக் கோளாறையும் மறைக்காம சொல்லுங்க. சந்தேகம்னா 104-க்கு போன் போடுங்க.