நோயும் நடையும்

ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள ஜவ்வாது மலைச் சிற்றூர்களில் நடை என்பது அன்றாட வாழ்வு. சாமை விளையும் சரிவுக்கும் வீட்டுக்குமாக ஏறி இறங்கிப் பழகிய கால்கள் அவை. அம்மக்களுள் ஒருவர் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று ஊர் திரும்பினால், வீட்டார் முதலில் நிறுத்துவது அந்நடையைத்தான். “அலையாமல் படுத்திரு” என்பர். அன்பில் குறையில்லை; அறிவுரையில்தான் குறை.

மருத்துவர்களும் நெடுங்காலம் ஓய்வையே வலியுறுத்தினர். கீமோதெரபி என்னும் வேதிச்சிகிச்சையும் கதிர்வீச்சும் தரும் களைப்பு, வயலில் உழைத்த களைப்பைப் போன்றதன்று. உறங்கி எழுந்தாலும் நீங்காது. படுத்தே கிடந்தால் தசை மெலியும். மெலிந்த தசை சிறு வேலைக்கும் சோரும். அச்சோர்வு மீண்டும் படுக்கைக்கே அழைக்கும். இச்சுழலை அறுக்கவல்லது அளவறிந்த உடற்பயிற்சி.

அது களைப்பை மட்டுமா குறைக்கிறது? பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சையும் வேதிச்சிகிச்சையும் முடித்த 889 பேரிடம் நிகழ்ந்த பன்னாட்டு ஆய்வொன்று 2025-இல் வெளியாயிற்று. ஒரு பிரிவினருக்கு நலவாழ்வுக் கையேடு மட்டும் தரப்பட்டது. மற்றவருக்கு மூன்றாண்டுகள் பயிற்றுநரின் துணையும் கிடைத்தது. அவர்களுட் பலர் தேர்ந்தது விரைவு நடையே. எட்டாண்டு உயிர்வாழ்வு முதற்பிரிவில் நூற்றுக்கு 83. பயிற்சி பெற்றோரில் 90. மருந்துக்கு மாற்றாக அன்று, மருந்துக்குப் பின் துணையாக நின்று பயிற்சி ஈட்டிய வேறுபாடு இது.

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை பெற்ற பெண்கள் எடை தூக்கினால் கை வீங்கும் என்று அஞ்சியதும் உண்டு. கை வீக்கமுள்ள 141 பெண்களைக் கொண்டு அமெரிக்காவில் நடந்து 2009-இல் வெளியான ஆய்வு, மெல்ல மெல்ல எடை கூட்டிய பயிற்சியால் வீக்கம் மிகவில்லை என்று காட்டியது. இதனைக் கேட்டு விறகுக் கட்டைத் தலையில் ஏற்றிவிடலாகாது! சுமை வேறு, பயிற்சி வேறு. சுமை நம் வலிமையைக் கேட்டு வருவதில்லை. பயிற்சியோ அதற்கேற்ப அளக்கப்படுவது.

முத்துலட்சுமி அம்மையார் முயற்சியால் 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை போன்ற இடங்கள் மலையூரிலிருந்து நெடுந்தொலைவில் உள்ளன. இயன்முறை மருத்துவரை வாரந்தோறும் காண்பது அரிது. ஆதலால், எவ்வளவு தூரம் நடக்கலாம், எத்தனை நாள் நடக்கலாம் என்பவற்றை ஊர் திரும்புமுன்பே கேட்டறிதல் வேண்டும். காய்ச்சல், கடும் இரத்தசோகை, எலும்பில் பரவிய நோய் இருப்பின் மருத்துவர் சொல்லே எல்லை. மற்றையோர் சரிவை விடுத்துச் சமதரையில், பத்து நிமிடத்தில் தொடங்கலாம். நடக்கையில் உடன் வருபவரோடு பேச முடிய வேண்டும். பேச்சுத் திணறினால் வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.