நாவலாசிரியை லக்ஷ்மியை அறிவோம்

மீஞ்சூரில் மின்சார ரயில் ஏறினால் நந்தியம்பாக்கம், அத்திப்பட்டு, எண்ணூர், திருவொற்றியூர், தண்டையார்பேட்டை எல்லாம் கடந்து வண்ணாரப்பேட்டை வந்து சேரும். எங்களுள் அநேகருக்கு அந்தப் பயணம் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போகும் பயணமே. பாட்டிக்குக் கண் தெரியவில்லை, அப்பாவுக்குக் கம்பெனியில் காலில் அடிபட்டுவிட்டது, தம்பிக்கு விடாத காய்ச்சல் என்று ஏதாவது ஒரு காரணம் இருக்கும். வெளிநோயாளிகள் சீட்டுக்கு வரிசையில் நின்ற அந்த வளாகத்தில்தான், தமிழகத்துப் பெண்கள் பல்லாண்டு காலம் காத்திருந்து படித்த ஒரு நாவலாசிரியை தம் பேனாவைக் கையில் எடுத்தார் என்பதை இந்த ஆண்டுதான் அறிந்தோம்.

அறிந்த விதத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். எங்கள் வகுப்பில் ஒருத்தியின் கணிதப் புத்தகத்திற்குள் ஒரு காதல் நாவல் இருந்தது. அது தமிழாசிரியை சிஸ்டர் கையில் அகப்பட்டது. வகுப்பே மூச்சடங்கி நின்றது. சிஸ்டர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதை ஒளித்துப் படிக்கிறீர்களே, இப்படிப்பட்ட கதையை எழுதுகிறவர் எப்படி வாழ்ந்தார், எதற்காக எழுதினார் என்று யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. தண்டனை என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஒரு நாவலாசிரியையைப் பற்றிப் பாடம் தயாரிக்கும் வேலை எட்டுப் பேருக்கு வந்து சேர்ந்தது. பள்ளி நூலகத்தின் கடைசி அலமாரியில் தூசி படிந்திருந்த 'மிதிலா விலாஸ்' நாவலைக் கண்டதால் நாங்கள் லக்ஷ்மியைத் தேர்ந்தெடுத்தோம்.

லக்ஷ்மி என்பது புனைபெயர். இயற்பெயர் திரிபுரசுந்தரி. 1921 மார்ச் 23-ஆம் நாள் பிறந்தார். திருச்சி மாவட்டத்தில் காவிரிக்கரையை ஒட்டிய தொட்டியம் அவரது ஊர். டாக்டராக வேண்டும் என்ற ஆசையோடு சென்னைக்கு வந்து ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றது 1912-இல். அதற்குப் பின் முப்பது ஆண்டுகள்கூட நிறையாத காலம் அது. ஒரு பெண் வைத்தியம் படிக்கிறாள் என்றால் அக்கம்பக்கத்தார் அதிசயமாகப் பார்ப்பார்கள்.

ஸ்டான்லியின் கதையும் சுவையானதே. 1782-இல் பஞ்சம் வந்தபோது ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்த மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்தது அது. எங்கள் பாட்டிமார் அதைக் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்று சொல்வதன் காரணம் இப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. 1938-இல் அது முழு மருத்துவக் கல்லூரி ஆயிற்று. திரிபுரசுந்தரி படித்த காலம் இரண்டாம் உலகப்போர்க் காலம். 1942 ஏப்ரலில் ஜப்பானியர் குண்டு போடுவார்கள் என்ற அச்சத்தில் சென்னை மக்கள் மூட்டை முடிச்சுகளோடு ஊரைக் காலி செய்தார்கள். 1943 அக்டோபரில் ஒரு ஜப்பானிய விமானம் உண்மையாகவே வந்து குண்டு வீசியும் போயிற்று. துறைமுகத்திற்கு அருகிலுள்ள ஒரு கல்லூரியில் படிப்பதற்கு ஏற்ற காலமா அது?

போரைவிட அவரை நெருக்கியது பணம். குடும்பத்தின் பணக்கஷ்டத்தால் மருத்துவப் படிப்பு பாதியில் நின்றுவிடும் நிலை வந்தது. அந்த இக்கட்டில் அவர் செய்த காரியம் எங்களை வியக்க வைத்தது. 'ஆனந்த விகடன்' அதிபர் எஸ்.எஸ். வாசனை நேரில் சென்று கண்டு, கதை எழுதிப் பணம் சம்பாதித்துப் படிப்பை முடிக்க வாய்ப்புக் கேட்டார். வாசன் மறுக்கவில்லை. 'தகுந்த தண்டனையா?' என்ற முதற்கதை 1940-இல் விகடனில் வெளிவந்தது. அடுத்து 'பவானி' என்ற தொடர்கதை வந்தது. எழுத்துக்குக் கிடைத்த சன்மானம் படிப்புச் செலவாயிற்று. கதை எழுதியே திரிபுரசுந்தரி டாக்டரானார்.

இதை வகுப்பில் வாசித்தபோது எங்களுள் ஒருத்தி தலைகுனிந்துகொண்டாள். அவள் தந்தைக்குச் சில மாதங்களாக வேலை இல்லை. பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்திவிட்டு ஏதாவது கம்பெனிக்குப் போகலாமா என்று வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. வகுப்பு முடிந்ததும் அவள் எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "கேட்கப் போன அன்றைக்கு அந்த அம்மாவுக்குக் கூச்சமாக இருந்திருக்காதா?" இருந்திருக்கும் என்றே நாங்கள் எண்ணினோம். கையில் அச்சான புத்தகம் ஒன்றுகூட இல்லாத ஒரு மாணவி, பெரிய பத்திரிகை முதலாளியின் எதிரில் போய் நிற்பதென்றால் இலேசா!

இனி, தொடர்கதை என்றால் என்ன என்பதையும் பாடமாகவே சொல்ல வேண்டும். முழு நாவலையும் எழுதி முடித்துவிட்டு அச்சுக்குக் கொடுப்பது வேறு. வாரப் பத்திரிகையில் எழுதுவது வேறு. பக்க அளவு முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டிருக்கும். ஓவியர் படம் போடுவதற்கு அத்தியாயம் முன்னதாகவே போய்ச் சேர வேண்டும். ஒவ்வோர் அத்தியாயத்தின் முடிவிலும் ஒரு முடிச்சு விழ வேண்டும், ஆனால் அது வேண்டுமென்றே போட்ட முடிச்சாகத் தெரியக்கூடாது. ஐந்தாம் வாரம் எழுதியதைப் பதினைந்தாம் வாரம் திருத்த முடியாது, அது அச்சாகி வாசகர் கைக்குப் போயாயிற்று. ஆங்கிலத்தில் சார்லஸ் டிக்கன்ஸ் 1836-இல் தொடங்கி மாதப் பகுதிகளாக எழுதிப் புகழ் பெற்றதும் இம்முறையில்தான்.

நாங்களே இதைச் செய்து பார்த்தோம். வாரம் ஓர் அத்தியாயம், நான்கு பக்கம், வியாழக்கிழமை மாலை மணி அடிப்பதற்குள் சிஸ்டர் மேசைமேல் இருக்க வேண்டும், நான்கு வாரம் என்பது ஏற்பாடு. முதல் வாரம் எட்டுப் பேரும் கொடுத்தோம். இரண்டாம் வாரம் மாதத் தேர்வு குறுக்கிட்டது. மூன்றாம் வாரம் ஒருத்தி தன் கதாநாயகனை ரயில் விபத்தில் சாகடித்துவிட்டு விடுதலை பெற்றாள். நான்காம் வாரம் வரை தாக்குப்பிடித்தவர்கள் மூவர். உடற்கூற்றியலும் பிரேதப் பரிசோதனையும் இரவு நேர வார்டு வேலையும் உள்ள ஒரு மருத்துவ மாணவி எப்படித்தான் எழுதினாரோ என்ற மலைப்பு எங்களுக்கு அதன்பிறகுதான் வந்தது.

லக்ஷ்மிக்கு முன்னோடி இல்லாமல் இல்லை. வை.மு. கோதைநாயகி அம்மாள் (1901-1960) பள்ளிக்கூடம் போகாதவர். எழுதத் தெரியாத நிலையில் தம் முதல் நாடகத்தைத் தாம் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாளைக் கொண்டு எழுதுவித்தவர். பின்னர் 'ஜகன்மோகினி' பத்திரிகையை ஏற்று நடத்தி 115 நாவல்கள் எழுதினார். இன்னும் பின்னே போனால், குறுந்தொகையின் நானூற்றுச் சொச்சம் பாடல்களும் காதலைப் பாடும் அகப்பாடல்களே. அவற்றுள் ஔவையார், வெள்ளிவீதியார் முதலிய பெண்பாற் புலவர்களின் பாடல்களும் உண்டு. நாம் அவற்றைச் செய்யுட் பகுதியில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்கிறோம், நாவலை மட்டும் ஒளித்து வைக்கிறோம். திருவிவிலியத்தில் இனிமைமிகு பாடல் என்றொரு நூல் இருப்பதை நாங்கள் நினைவூட்டியபோது சிஸ்டர் சிரித்துவிட்டு, "அதையும் முழுவதாகப் படியுங்கள்" என்றார்.

லக்ஷ்மியின் நாவல்கள் பெரும்பாலும் நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணைச் சுற்றியே நடக்கும். இரு நாவல்கள் திரைக்கும் வந்தன. 'காஞ்சனையின் கனவு' 1952-இல் 'காஞ்சனா' ஆயிற்று. 'பெண் மனம்' 1963-இல் எல்.வி. பிரசாத் இயக்கத்தில், சிவாஜி கணேசனும் சரோஜாதேவியும் நடித்து 'இருவர் உள்ளம்' என்று வந்தது. அந்தப் படத்தைப் பார்த்தபின் எங்களுக்குள் பெரிய வாக்குவாதமே மூண்டது. மனமில்லாத பெண் ஒருத்தியை, பெண்கள் விஷயத்தில் நல்ல பெயர் இல்லாத பணக்கார இளைஞனுக்குக் கட்டாயப்படுத்தி மணமுடித்து வைப்பதுதான் கதையின் முடிச்சு. "இதை எப்படிக் காதல் கதை என்பது? இஷ்டமில்லை என்று அவள் சொன்ன பிறகு தாலி எதற்கு?" என்று கேட்டவர்கள் ஐந்து பேர். "தாலி கட்டியும் அவள் மனம் கிடைக்கவில்லையே! அவன் திருந்தி, காத்திருந்து, அதன்பிறகல்லவா பெற வேண்டியிருந்தது? அதனால்தான் 'பெண் மனம்' என்று பெயர் வைத்தார்" என்று வாதாடியவர்கள் மூவர். நாங்கள் இதை முடிவு கட்டவில்லை. ஆனால் பொறுமைக்கு மேல் பொறுமையாகக் கதாநாயகிகள் தாங்கிக்கொண்டே போவது எங்களுக்குச் சில இடங்களில் சலிப்பைத் தந்தது என்பதை எழுதத்தான் வேண்டும்.

பெற்றோர் தினத்தன்று எங்கள் சுவரொட்டியைப் பார்த்த ஒரு தாயார் வேறொரு செய்தி சொன்னார். அவருடைய அம்மா வாரந்தோறும் பத்திரிகையிலிருந்து தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, பசை தடவி, பைண்டு செய்து வைத்திருந்தாராம். கல்யாணமாகிப் புகுந்த வீட்டுக்கு வந்தபோது டிரங்குப் பெட்டியில் பாத்திரங்களோடு அந்தப் பைண்டும் வந்ததாம். "மத்தியானம் எல்லோரும் தூங்கினபிறகு அம்மாவுக்கென்று இருந்தது அந்த ஒரு மணி நேரம்தாம்மா" என்று அவர் சொன்னபோது, முன்பு சலித்துக்கொண்ட நாங்கள் சற்று வாய்மூடி நின்றோம்.

டாக்டர் திரிபுரசுந்தரி தென்னாப்பிரிக்கத் தமிழரான கண்ணபிரானை மணந்து 1955-இல் அந்நாட்டிற்குச் சென்றார். தமிழர் அங்கே போன கதை நம் கடற்கரையில் தொடங்குவது. 1860-இல் 'ட்ரூரோ' என்ற கப்பல் 342 பேரைச் சென்னையிலிருந்து டர்பன் நகருக்கு ஏற்றிச் சென்றது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் அவர்கள். லக்ஷ்மி சென்றபோது அங்கு நிறவெறி ஆட்சி நடந்தது. எந்த இனத்தார் எந்தப் பகுதியில் குடியிருக்கலாம் என்பதற்கே 1950-இல் சட்டம் போட்டிருந்தார்கள். அந்நாட்டில் அவர் இருபத்திரண்டு ஆண்டுகள் வாழ்ந்தார்.

1977-இல் தமிழகம் திரும்பியபோது அவருக்கு வயது 56. புதிய எழுத்தாளர்கள் பலர் வந்து, வாசகரின் ருசியும் மாறியிருந்தது. இனி யார் படிக்கப் போகிறார்கள் என்று ஒதுங்கிவிடாமல் மறுபடியும் தொடர்கதைகள் எழுதினார். அவ்வாறு எழுதியவற்றுள் ஒன்றான 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்கு 1984-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களோடு, கருவுற்ற பெண்களுக்காகத் 'தாய்மை' என்ற நூலையும் அவர் எழுதியிருக்கிறார். அதில் டாக்டரும் கதாசிரியையும் ஒன்றாகவே உட்கார்ந்து எழுதியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். 1987 ஜனவரி 7-ஆம் நாள் காலமானார்.

தம் வாழ்வை அவரே 'கதாசிரியையின் கதை' என்ற பெயரில் எழுதி வைத்துள்ளார். பாடம் முடிந்தபின் சிஸ்டர் அதை நூலகத்திற்கு வரவழைத்தார். முதலில் எடுத்துச் சென்றவள், கூச்சமாக இருந்திருக்காதா என்று கேட்டவளே. இரண்டு வாரத் தவணை கடந்தும் அவள் இன்னும் திருப்பித் தரவில்லை. அடுத்துப் பெயர் கொடுத்திருப்பவர்கள் ஆறு பேர், அவர்களுள் ஒருவர் சிஸ்டர்.