செமஸ்டரின் முதல் இரண்டு வாரம்: திருநின்றவூரிலிருந்து சட்டம் படிக்கப் போகிறவர்களுக்கு

சென்னை உயர் நீதிமன்றத்தை ஒட்டி இருந்த டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி 2018இல் இரண்டாகப் பிரிந்தது. ஒன்று திருவள்ளூரைத் தாண்டிப் பட்டரைப்பெரும்புதூருக்கும், இன்னொன்று புதுப்பாக்கத்துக்கும் போனது. பாரிமுனையில் வகுப்பு முடிந்ததும் நடந்துபோய் உயர் நீதிமன்றத்தில் உட்கார முடிந்த வசதி அதோடு போயிற்று. ஆனால் பட்டரைப்பெரும்புதூரில் இடம் கிடைத்த திருநின்றவூர்ப் பிள்ளைகளுக்கு வேறொரு வசதி உண்டு. காலையில் ரயில் கூட்டமெல்லாம் சென்ட்ரல் பக்கம் நெருக்கியடித்துப் போகும்போது நீங்கள் எதிர்த்திசையில் போகிறீர்கள். பெரும்பாலும் உட்கார இடம் கிடைக்கும். செமஸ்டர் தொடக்கத்திலேயே அந்த நேரத்தைப் படிப்புக்கு ஒதுக்கிவிட்டால், கடைசி மாதத்தில் கைடு தேடி அலைய வேண்டியிருக்காது.

கல்லூரி திறந்ததும் முதல் வேலை, அலுவலகத்தில் போனஃபைட் சான்றிதழ் கேட்பது. சலுகை சீசன் டிக்கெட்டுக்கு அது வேண்டும். பட்டப்படிப்பு வரை படிக்கும் பெண்களுக்கு, வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே இரண்டாம் வகுப்பு மாத சீசன் இலவசம் என்று ரயில்வே விதி இருக்கிறது. கவுன்டரில் தயங்காமல் கேளுங்கள். வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை ரோடு, புட்லூர் தாண்டித் திருவள்ளூரில் இறங்கி, திருத்தணி சாலையில் போகும் பஸ் பிடிக்க வேண்டும். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் சாதாரண நகரப் பேருந்துகளில்தான். வெளியூர் பஸ்ஸில் ஏறுகிற நாட்களுக்கான செலவை மாதக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து புத்தகம். சீனியர்கள் கொடுப்பதை வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் எந்த ஆண்டுப் பதிப்பு என்று பார்த்து வாங்குங்கள். அரசியலமைப்பு, 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், 1882ஆம் ஆண்டு சொத்துரிமை மாற்றுச் சட்டம் இவற்றுக்கு ஓரளவு பழைய பதிப்பும் கைகொடுக்கும். குற்றவியல் அப்படியில்லை. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. கொலைக்கான 302 இப்போது 103, மோசடிக்கான 420 இப்போது 318. குற்றவியல் நடைமுறைச் சட்டமும் மாறியதில் குழப்பம் இன்னும் அதிகம். முன்ஜாமீனுக்கான 438 இப்போது 482. பழைய சட்டத்திலோ 482 என்றால் உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம், அது 528க்குப் போய்விட்டது. அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய தண்டனைச் சட்டமே பொருந்துவதால் இரண்டு எண்களும் தெரிந்திருக்க வேண்டும். பழசும் புதுசுமாக ஓர் அட்டவணை எழுதி, பேர் ஆக்ட் (சட்டத்தின் மூல வாசகம் மட்டும் உள்ள) புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்.

தொழிலாளர் சட்டம் இந்த செமஸ்டரில் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். 29 சட்டங்களைத் தொகுத்த நான்கு தொகுப்புச் சட்டங்கள் 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்தன. காக்களூரிலோ கும்மிடிப்பூண்டியிலோ தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அண்ணனோ அக்காவோ வீட்டில் இருந்தால், உங்களிடம்தான் முதலில் சந்தேகம் கேட்பார்கள்.

காசு குறைவாக இருந்தால் பேர் ஆக்டுக்கு மட்டும் செலவழியுங்கள். சட்டங்கள் இந்தியா கோட் தளத்திலும், உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இ-எஸ்சிஆர் தளத்திலும் இலவசம்.

ரயிலில் படிப்பது எப்படி? ஒரு பயணத்துக்கு ஒரு பிரிவு போதும். பாரதிய நியாய சன்ஹிதாவில் திருட்டைச் சொல்லும் 303ஐ எடுங்கள். ஒரே வாக்கியம்தான், அதை ஐந்தாக உடையுங்கள்: நேர்மையற்ற எண்ணம், அசையும் பொருள், அது இன்னொருவர் வசம் இருப்பது, அவருடைய சம்மதமின்மை, எடுப்பதற்காக நகர்த்துவது. இனி எதிர் சீட்டில் ஒருவர் செல்போனை வைத்துவிட்டுக் கண்ணயர்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அடித்துக்கொண்டு போகும் எண்ணத்தோடு ஒருவன் அதை இரண்டு அங்குலம் தன் பக்கம் இழுத்து, போனுக்குரியவர் விழித்ததும் கையை எடுத்துவிடுகிறான். திருட்டா? ஐந்தும் இருக்கிறது, எனவே திருட்டு முடிந்துவிட்டது. அவன் போனோடு இறங்கியிருக்க வேண்டிய அவசியமில்லை. இப்படி நீங்களே ஒரு சம்பவம் கட்டிப் பார்த்த பிரிவு தேர்வறையில் மறக்காது. அதன் (2)ஆம் உட்பிரிவையும் விடாதீர்கள். ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைந்த பொருள், முதல் முறைத் தண்டனை, பொருளையோ மதிப்பையோ திருப்பித் தந்தாயிற்று என்றால் சமுதாய சேவைதான் தண்டனை. இது பழைய புத்தகத்தில் கிடையாது.

தீர்ப்புகளுக்குத் தனி நோட்டு, ஒரு வழக்குக்கு ஒரு பக்கம். செண்பகம் துரைராஜன் வழக்கிலிருந்து தொடங்கலாம், அது நம் மாநிலத்து வழக்கு. நடந்தது: சென்னை மாகாணம் மருத்துவ, பொறியியல் இடங்களைச் சமூகவாரியாகப் பங்கிட்டது. கேள்வி: அந்த ஆணை செல்லுமா? முடிவு: செல்லாது, 29(2)க்கு முரண் என்று 1951இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பின்விளைவு: அதே ஆண்டு முதல் திருத்தத்தில் 15(4) வந்தது. பாடம் ஆங்கிலத்தில் நடந்தாலும் இந்தக் குறிப்பைத் தமிழில் எழுதுங்கள். புரியாத இடம் தமிழில் எழுதும்போது உடனே அகப்பட்டுவிடும்.

வருகைப்பதிவை முதல் வாரத்திலிருந்தே நீங்களும் குறித்து வையுங்கள். ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீதம் என்பது பார் கவுன்சில் விதி. தகுந்த காரணம் இருந்தால் 65 வரை தளர்த்தலாம், ஆனால் எல்லாப் பாடங்களையும் சேர்த்து 70 இருக்க வேண்டும். உடம்பு சரியில்லாமல் போனால் மருத்துவச் சான்றை அந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக, நான் மிக முக்கியம் என்று நினைப்பது: வகுப்பில்லாத ஒரு நாளில் திருவள்ளூர் நீதிமன்றத்துக்குப் போங்கள். படிப்பின் இறுதி ஆண்டுகளில் ஒரு சிவில், ஒரு கிரிமினல் விசாரணையைப் பார்த்து எழுத வேண்டும் என்று பாடத்திட்டமே சொல்கிறது. அதுவரை காத்திருக்க வேண்டாம். முந்தைய இரவே இ-கோர்ட்ஸ் தளத்தில் அன்றைய வழக்குப் பட்டியலைப் பார்த்து, சாட்சி விசாரணை உள்ள வழக்கைத் தேர்ந்தெடுங்கள். வெள்ளைச் சட்டை, அடையாள அட்டை, அணைத்து வைத்த போன், பின் வரிசை. வழக்கு எண், எந்தப் பிரிவு, எந்தக் கட்டம், குறுக்கு விசாரணையில் சாட்சி எந்தக் கேள்விக்குத் தடுமாறினார் என்று குறியுங்கள். வாய்தா போட்டுவிட்டால் அடுத்த தேதியையும் எழுதிக்கொண்டு, வேறு வழக்குக்குத் தாவாமல் அதே வழக்குக்குத் திரும்பப் போங்கள்.