வீட்டில் ஒப்பிக்கிறான், ஹாலில் மறக்கிறான்

"வீட்டில் கேட்டால் கடகடவென்று ஒப்பிக்கிறான். பரீட்சை ஹாலில் உட்கார்ந்தால் ஒன்றும் ஞாபகம் வரவில்லையாம். ஹிப்னாடிசம் செய்தால் ஞாபக சக்தி கூடுமா டாக்டர்?" பொதுத்தேர்வு நெருங்கினால் பெற்றோர் தவறாமல் கேட்கும் கேள்வி இது.

அதிகரிக்காது. ஹிப்னாடிச நிலையில் நினைவுபடுத்திச் சொல்வது தப்பாக இருந்தாலும், அது சரிதான் என்ற உறுதி கூடிவிடுகிறது. அமெரிக்க மருத்துவச் சங்கமே 1985-ல் இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது.

ஆனால் இந்தப் பையனுக்கு மறதி நோய் இல்லை, பயம். 'ஃபெயிலாகிவிடுவோமோ' என்ற நினைப்பே மூளையை அடைத்துக்கொள்வதால், படித்தது மேலே வர வழியில்லை. ஹிப்னாடிசத்தை வைத்துச் செய்யும் சிகிச்சையான ஹிப்னோதெரபிக்கு வேலை இருப்பது இங்கேதான்.

கண்ணை மூடிச் சாய்ந்து உட்காரச் சொல்வோம். பாதத்திலிருந்து நெற்றிவரை உடம்பைத் தளர்த்தியபின், பரீட்சை நாளை மனதில் ஓட்டுவோம்: ஹால் டிக்கெட்டை எடுத்துவைப்பது, பெஞ்சில் தன் நம்பரைத் தேடுவது, வினாத்தாள் கைக்கு வருவது. பலருக்கு அந்தக் கட்டத்தில் மூச்சு வேகமாகும், விரல்கள் இறுகும். அங்கேயே நிறுத்தி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து அழுத்தியபடி மூச்சை நீளமாக விடப் பழக்குவோம். தினமும் படுக்கப் போகுமுன் பத்து நிமிடம் வீட்டிலும் செய்துவந்தால், ஹாலில் பதற்றம் தலைதூக்கும்போது அதே விரல்கள் கைகொடுக்கும். இது தூக்கம் இல்லை. நாங்கள் பேசுவது பிள்ளைக்குக் கேட்கும். பிடிக்காவிட்டால் கண்ணைத் திறந்து எழுந்துவிடலாம். (சினிமாவில் ஆடும் கடிகாரச் சங்கிலியை மறந்துவிடுங்கள்.)

பயம் குறைந்தாலும் பாடத்தைப் படித்துத்தான் ஆகவேண்டும். திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, புத்தகத்தை மூடிவைத்து எழுதிப் பார்ப்பவர்களுக்கு ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருக்கிறது என்று உளவியல் ஆய்வாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-ல் சோதித்துக் காட்டினார்கள். எழுதிப் பார்க்காத பிள்ளையை எங்களிடம் கூட்டிவந்து பயனில்லை.

நான்காம் வகுப்பு தாண்டியும் எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறுகிற பிள்ளையின் கதை வேறு. முதலில் கண், காது பார்த்துவிடுங்கள். அதில் குறையில்லை என்றால் டிஸ்லெக்சியா என்ற கற்றல் குறைபாடா என்று பரிசோதிக்க வேண்டும். அதற்கு ஹிப்னோதெரபி சிகிச்சை ஆகாது. சிறப்புக் கல்வி ஆசிரியர்தான் தேவை. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் கற்றல் குறைபாட்டையும் ஏற்றிருக்கிறது. முறையான சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள் போன்ற சலுகைகளைப் பள்ளி மூலம் கேட்டுப் பெறலாம்.

மனநல மருத்துவரிடமோ, பதிவுபெற்ற மருத்துவ உளவியலாளரிடமோ மட்டும் போங்கள். காதில் குரல் கேட்கிறது என்று சொல்லும் பிள்ளைக்கு மனநல மருத்துவர் பார்க்காமல் ஹிப்னாடிசம் கூடவே கூடாது. 'மூன்றே சிட்டிங்கில் முதல் மார்க்' என்று விளம்பரம் செய்பவரிடம் பணத்தைக் கட்டாதீர்கள். தேர்வுக்கு முந்தின வாரம் ஓடிவராமல், காலாண்டுத் தேர்வு முடிந்ததுமே கூட்டிவாருங்கள். பழகுவதற்கு அவனுக்கும் அவகாசம் வேண்டும்.